பாதியில் நின்ற இரண்டு ஸ்க்ரூ

லாக்கரைக் காலி செய்யச் சொல்லி ரைபிள் கிளப்பிலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. முதல் இரண்டும் ஸ்வர்ணலதாவின் பெயருக்கே வந்தவை. ‘அன்புள்ள உறுப்பினருக்கு’ என்று ஆரம்பித்து, நெடுநாளாகத் தங்களைக் காணவில்லையே என்று வருத்தப்பட்டன. அதற்குள் யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவதில் அவள் பெயருக்கு முன்னால் ‘மறைந்த’ என்று சேர்த்து, கணவன் சேரனுக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் அதற்கப்புறம்தான் போனான்.

அடையாற்றில், ஆற்றைப் பார்த்து முடிகிற ஒரு சந்தின் கடைசியில் கிளப். சனிக்கிழமை காலை பத்து மணி. லாக்கரில் அதிகம் இல்லை. கித்தான் ஜாக்கெட், ஒரு கையுறை, காது மூடி, பாதி சாப்பிட்டு மடித்து வைத்த கடலை மிட்டாய்ப் பொட்டலம். எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக் கடைப் பையில் போட்டுக்கொண்டான். கை அது பாட்டுக்கு வேலை செய்தது. ஐந்து மாதமாக அவன் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். அலுவலகத்தில் ‘நல்லா சமாளிக்கிறீங்க சேரன்’ என்றார்கள்.

சாவியை ஹபீபுர் ரஹ்மானிடம் கொடுக்க வேண்டும். துப்பாக்கி அறை அவர் பொறுப்பு. ரிப்பேரும் அவர்தான். கிளப்பில் எல்லோருக்கும் அவர் பாய். சேரன் உள்ளே போனபோது, பாய் ஒரு ரைபிளை மேசைமேல் துணி விரித்துக் கிடத்தியிருந்தார். எதிரே ஒரு பெண், சட்டக் கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“சும்மா சொல்லல பாய். நெஜமாவே குத்துது.”

“சும்மா இன்னாத்துக்குச் சொல்லப் போற? குத்துதுன்னா குத்துது. தொறந்து பாத்துட்டா போச்சு.”

“கோச் இன்னாடான்னா நான் டைட்டா புடிக்கலன்றாரு.”

“கோச்சுக்கா குத்துச்சு? உனக்குத்தான குத்துச்சு?”

அவள் சிரித்தாள். சேரன் வாசலிலேயே நின்றுவிட்டான். மேசையில் கிடந்த ரைபிளின் கட்டையில் வெள்ளைப் பெயிண்டில் ஏழு என்று எழுதியிருந்தது.

“வா தம்பி, உக்காரு. தோ முட்ச்சிடறேன்” என்றார் பாய். அந்தப் பெண்ணைக் காட்டி, “அன்புச்செல்வி. சைதாப்பேட்டை. இனிமே ஏழாம் நம்பர் இதுக்குத்தான்” என்றார்.

ஏழாம் நம்பர் கிளப்பின் பெரிய ரைபிள். சின்ன ரைபிள்கள் சுடுகிறவர் தோளுக்குத் தெரியாமலே சுட்டுவிடும். இது அப்படியில்லை, ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னால் எகிறி உதைக்கும். அந்த உதையை வாங்கிக்கொள்ளத்தான் கட்டையின் பின்பக்கம், தோளில் படுகிற இடத்தில், இரண்டு விரல் கனத்துக்கு ரப்பர் வைத்திருப்பார்கள். முந்நூறு மீட்டர் போட்டிக்கு இதில்தான் ஸ்வர்ணா பயிற்சி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப் வேனில் ஊருக்கு வெளியே போய்ச் சுட்டுவிட்டு வருவாள். அவள் அம்மாவுக்குத் தெரியாது. கல்யாணமாகி மூன்று வருடமாகியும் என்ன துப்பாக்கி என்று அம்மா கேட்க ஆரம்பித்திருந்ததால், சுடுவதையே விட்டுவிட்டதாகச் சொல்லி வைத்திருந்தாள். ‘நீயும் சொல்லிராத’ என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஜனவரியில் பழைய ரப்பர் காய்ந்து விண்டு போனது. பாய் மகள் பிரசவத்துக்காக வாணியம்பாடி போயிருந்தார், வர இரண்டு வாரம் ஆகும். புது ரப்பர் வந்து அட்டைப் பெட்டியில் கிடந்தது. “ரெண்டு ஸ்க்ரூ. இதுக்குப் போய் ஒரு ஆளுக்காகக் காத்திருக்கணுமா?” என்றான் சேரன். மெக்கானிக்கல் படித்துவிட்டுத் தரமணியில் மென்பொருள் சோதிக்கிறவன். கையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க ஏதாவது சாக்கு கிடைக்காதா என்று அலைகிறவன். செயலாளரிடம் கேட்டு, இதே மேசையில் வைத்து அவனே மாட்டினான். பெட்டியோடு வந்த ஸ்க்ரூ பழைய ஓட்டைகளில் லூசாக ஆடியது. வீட்டில் கம்ப்யூட்டர் மேசை பூட்டியபோது மிஞ்சிய ஸ்க்ரூ பையில் இருந்தது. இதைவிடத் தடிமன், இதைவிட நீளம். அதைப் போட்டான். நன்றாகப் பிடித்தது. கடைசியில் கொஞ்சம் திணறி நின்றது. மேலே ரப்பர் மூடிக்கொண்டதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஸ்வர்ணா அதைப் படம் பிடித்து ‘என் வீட்டு ஆர்மரர்’ என்று ஸ்டேட்டஸ் வைத்தாள். துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பவரைக் கிளப்பில் அப்படித்தான் சொல்வார்கள்.

பிப்ரவரி முதல் ஞாயிறு சுட்டுவிட்டு வந்து, “குத்துது” என்றாள்.

“என்னத்தை?”

“ரப்பர்தான். உள்ளே என்னமோ குத்துது.”

“ரப்பர் எப்படிக் குத்தும்? நீ தோள்ல சரியா அழுத்திப் பிடிக்கலை. இடைவெளி விட்டா அப்படித்தான் இடிக்கும்.” அவன் மூன்று வீடியோ பார்த்திருந்தான்.

அடுத்த ஞாயிறு அவள் அழுத்திப் பிடித்தாள். அது இன்னும் அழுத்தமாகக் குத்தியது. மறுபடி சொன்னாள். அவன் மறுபடி அதையே சொன்னான். மூன்றாவது ஞாயிறு அவள் ஒன்றும் சொல்லவில்லை. கழுத்து ஏறிய ரவிக்கையாகப் பார்த்து அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டாள். குளியலறையிலிருந்து வலி மருந்து வாசனை வந்தது. சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அல்லது அப்படி நினைத்ததாக நினைத்துக்கொண்டான்.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, அலுவலகத்தில் பேசிக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். புதன்கிழமை முடிந்துபோனது. இருபத்தொன்பது வயது.

அவர்கள் குடியிருந்த மந்தைவெளி வீட்டில் அவளைக் குளிப்பாட்டியது அவள் அம்மாவும் சித்தியும். குளிப்பாட்டி முடித்து அம்மா ஈரக் கையோடு பால்கனிக்கு வந்து அவன் முன்னால் நின்றாள். அழவில்லை. “மாப்ள, அவ தோள்ல அது என்னது?” என்றாள்.

ரைபிள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ரைபிள் என்றால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வியும் வரும். கடைசியில் இருப்பது அந்த இரண்டு ஸ்க்ரூ. அவன், “தெரியல” என்றான்.

பெண்டாட்டியின் தோளில் கன்றிப்போயிருப்பது என்னவென்று தெரியாத புருஷன். ஸ்வர்ணாவின் அம்மா அவனைப் பார்த்த பார்வையிலேயே முடிவாகிவிட்டது. பதினாறாம் நாளுக்கு அப்புறம் அவள் பிறந்த வீட்டிலிருந்து யாரும் பேசவில்லை. மே மாதம் ஒரு மத்தியானம் மட்டும் ஒரு போன் வந்தது. அத்தைதான், ஸ்வர்ணாவின் அம்மா. குரல் மிகவும் நிதானமாக இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீங்க அடிக்கும்போது அவ என்னையக் கூப்பிட்டாளா? அதை மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

அவன் போனை வைத்துவிட்டான்.

இப்போது பாய் ஸ்க்ரூ டிரைவரின் முனையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்தார். ரப்பரில் ஸ்க்ரூ போவதற்காகச் சின்னக் கீறல் இருக்கும். அதில் முனையைச் செருகினார். செருகியதுமே நின்றது.

“அடப் பாவி. இங்கியே தட்டுது.”

“இன்னா பாய்?”

“ஸ்க்ரூவோட தலை அடியில கீற தகட்டுல போய் உக்காரணும். இது பாதி வழில ரப்பருக்குள்ளியே நின்னுகினு கீது. சுடும்போது ரப்பர் அமுங்கும். ஸ்க்ரூ அமுங்குமா? நேரா தோள்ல வந்து இடிக்கும்.” கட்டை விரலால் ரப்பரை அழுத்திக் காட்டினார். கீறல் வாய் பிளந்து பளபளவென்று ஒரு தலை எட்டிப் பார்த்தது. “ரெண்டும் அப்படியே. எந்தப் பேமானி போட்டான் இத? மேசைக்குப் போடற ஸ்க்ரூ இது.”

“அதான் பாய் இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு.” அன்புச்செல்வி சுடிதாரின் மேலேயே இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். “ஒரே ஒரு ஞாயித்துக்கெழம சுட்டேன். எங்கம்மா பாத்துட்டு, எவன்டி உன்ன இட்ச்சான், பேர சொல்லுன்னு ஒரே ரகளை.”

“நீ இன்னா சொன்ன?”

“ரைபிள்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது? அவன் எந்த ஏரியான்னு கேக்குது.”

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். சேரனுக்கு முகம் சுட்டது. ஐந்து மாதத்தில் உடம்பில் ஏதோ ஒன்று தெரிந்தது அப்போதுதான். அது வெட்கமாக இருந்தது.

“நான் போட்டது, பாய்” என்றான்.

“எது?”

“அந்த ஸ்க்ரூ. ஜனவரியில. நீங்க ஊருக்குப் போயிருந்தப்போ.”

பாயின் சிரிப்பு நின்றது. கையிலிருந்ததைக் கீழே வைத்தார். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி ரைபிளைப் பார்த்தார், அவன் மடியிலிருந்த பையைப் பார்த்தார்.

“அப்போ ஸ்வர்ணா பொண்ணு… கடைசி வரைக்கும் இதுலியா சுட்டுச்சு?”

“ஆமா.”

“சொல்லல அது?”

“சொன்னா.”

அன்புச்செல்வி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “டீ சொல்லிட்டு வரேன் பாய்” என்று வெளியே போனாள். பாய் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பி, பிடி அவன் பக்கம் வருமாறு நீட்டினார்.

“கழட்டு. நீ போட்டது நீயே கழட்டு.”

கழற்றினான். ஏறும்போது திணறிய அளவுக்கே வெளியே வரும்போதும் ஸ்க்ரூக்கள் திணறின. ரப்பர் கையோடு வந்தது. கட்டையின் முகத்தில் இரண்டு ஓட்டைகளும் தடித்த ஸ்க்ரூவால் நைந்து போயிருந்தன. பாய் மூங்கில் குச்சியைச் சீவிக் கொடுத்தார். சேரன் அதில் பசை தடவி ஓட்டையில் இறக்கி, மேலே நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்து மட்டம் செய்தான். பசை காய ஒரு மணி நேரம் ஆனது. டீயைக் குடித்தார்கள். அப்புறம் பாய் அலமாரியிலிருந்து இன்னொரு புது ரப்பரை எடுத்துக் கட்டையில் வைத்துப் பிடிக்க, அவன் புள்ளி வைத்து, மெல்லிய ஓட்டை போட்டு, பெட்டியில் வந்த ஸ்க்ரூவையே சோப்பில் முக்கி உள்ளே விட்டான்.

“திருகு. இன்னும். இன்னும் திருகு. உக்காந்துச்சா?”

“உக்காந்துடுச்சு.”

“எப்டித் தெரியும்?”

பாய் அவன் கட்டை விரலைப் பிடித்து ரப்பர்மேல் வைத்து, தன் உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்தினார். விரலுக்கடியில் ரப்பர் மட்டுமே இருந்தது. “இப்டி. இவ்ளோதான். ஒரு நிமிஷ வேலை” என்றார். அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, வேலை சொல்லிக் கொடுக்கிற குரலில்தான் சொன்னார்.

மரத்தை விட்டு வெளியே பிதுங்கிய ரப்பரை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்ய மத்தியானம் ஆகிவிட்டது. மரத்தில் கீறல் விழாமல் ஓரத்தில் டேப் ஒட்டித் தேய்க்க வேண்டும். கறுப்புத் தூள் அவன் கையெல்லாம் அப்பியது. அன்புச்செல்வி ரைபிளைத் தூக்கித் தோளில் வைத்துக் கண்ணை மூடிப் பார்த்தாள். “சுட்டாத்தான் தெரியும்” என்றாள். “நாளிக்கு சுட்டுட்டு சொல்றேன்.”

“குத்துச்சுன்னா சொல்லு” என்றான் சேரன்.

“சொல்லாம?”

கழற்றிய ரப்பரையும் அந்த இரண்டு ஸ்க்ரூவையும் கேட்டான். “குப்பைக்குப் போறதுதான, எட்த்துக்கோ” என்றார் பாய். சேரன் லாக்கர் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

தி.நகர் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. ஆடித் தள்ளுபடிக்குப் போகிற கூட்டம். அத்தையிடம் எதை முதலில் சொல்வது, எதை அப்புறம் சொல்வது என்று நின்றபடியே வரிசைப்படுத்தினான். சைதாப்பேட்டை தாண்டும்போது வரிசை சரியாக இருந்தது. பனகல் பார்க் பின்னாலுள்ள தெருவில், அத்தை வீட்டு மாடிப்படி ஏறும்போது எல்லாம் கலைந்துவிட்டது. மாமா சிதம்பரநாதன் நகைக் கடையில் இருப்பார், சனிக்கிழமை சாப்பாட்டுக்குக்கூட வர மாட்டார் என்பது தெரியும். அதனால்தான் இந்த நேரத்தில் வந்தான் என்பதும் அவனுக்குத் தெரியும்.

கதவைத் திறந்தது அத்தை சண்முகவடிவு. இளைத்திருந்தாள். வாங்க மாப்ள என்று சொல்லவில்லை.

“என்ன?”

“ஒரு விஷயம் சொல்லணும் அத்தை.”

“அன்னைக்கு போனைப் படக்குன்னு வச்சீயளே. அதையா?”

“ஆமா.”

அவள் நகர்ந்து வழிவிட்டாள். அவன் சாப்பாட்டு மேசைமேல் ரப்பரையும் ஸ்க்ரூவையும் வைத்தான். அந்த மேசையில் கல்யாணத்துக்கு அப்புறம் எத்தனையோ ஞாயிறு இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறான். நின்றுகொண்டே சொன்னான். ஸ்க்ரூ முதலில் வந்தது, பாய் வாணியம்பாடி போனது அதற்கப்புறம், ஸ்வர்ணா சத்தியம் வாங்கியது கடைசியில். பாதியில் அத்தை கையை உயர்த்தினாள்.

“பத்து வருசமா சுட்டா எம்மவ. காலேஜ்லயிருந்து. கப்பு வாங்கிருக்கா, மெடல் வாங்கிருக்கா. ஒரு தழும்பு கிடையாது உடம்புல. யார்ட்ட கதை விடுதீய?”

“அது சின்ன ரைபிள் அத்தை. இது பெருசு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னா.”

“எனக்கா?”

“சுடுறதை விட்டாச்சுன்னு உங்ககிட்ட சொல்லியிருந்தா.”

அவள் ரப்பரைத் தன் பக்கம் இழுத்து, ஸ்க்ரூக்களை எடுத்து, அவனைக் கேட்காமலே இரண்டு கீறலிலும் செருகிப் பார்த்தாள். முப்பது வருடம் நகைக் கடைக்காரன் வீட்டில் இருந்தவள். தோட்டின் திருகு எங்கே நிற்கும், எங்கே உட்காரும் என்பது கைக்குத் தெரிந்தவள். பிறகு செய்ததை அவன் எதிர்பார்க்கவில்லை. வலது கையைத் தன் தோளுக்குக் கொண்டுபோனாள். கட்டை விரல் காறையெலும்புக்குக் கீழே, ஆள்காட்டி விரல் அக்குளுக்குச் சற்று மேலே. பார்க்காமலே வைத்தாள். பல தடவை வைத்துப் பழகிய இடம்போல விரல்கள் போய் உட்கார்ந்தன.

“குளிப்பாட்டும்போது இப்பிடி வச்சுப் பாத்தேன். கன்னிப்போயி ரெண்டு வட்டம். நடுவுல வெள்ளையா இருந்துது. எதைக் கொண்டு அடிச்சிருப்பான், பெல்ட்டா, என்னதுன்னு அஞ்சு மாசமா இதையே வச்சு வச்சுப் பாக்கேன்.”

விரல்களின் அகலம் மாறாமல் கையை இறக்கி மேசைக்குக் கொண்டுவந்தாள். கட்டை விரல் ஒரு ஸ்க்ரூவின் தலையில் நின்றது. ஆள்காட்டி விரல் மற்றதில் நின்றது.



“அப்போ அவ என்னையக் கூப்பிடல” என்றாள்.

“இல்ல அத்தை.”

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இதோ அழுவாள், அதோடு முடிந்துவிடும் என்று அவன் நினைத்தான். அவள் அழவில்லை.

“வலிக்குன்னு சொன்னாளா?”

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவன் பால்கனியில் ‘தெரியல’ என்று சொன்னான்.

“சொன்னா.”

“எத்தன தடவ?”

“ரெண்டு தடவ.”

“நீங்க என்ன சொன்னீய?”

“நீ சரியாப் பிடிக்கலைன்னு சொன்னேன்.”

“ரெண்டு தடவையுமா?”

“ரெண்டு தடவையும்.”

“மூணாவது தடவ?”

“சொல்லல.”

“மாட்டா” என்றாள் அத்தை. “சின்னதுலயிருந்தே அப்பிடித்தான். ரெண்டு தடவதான் சொல்லுவா. மூணாவது நாம கேட்டாத்தான் உண்டு.” ரப்பரைத் தள்ளி வைத்தாள். “ஒரு தடவ கழட்டிப் பாத்தா என்ன?”

அவன் கையில் கறுப்புத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அத்தை எழுந்து அலமாரியிலிருந்து போனை எடுத்துவந்தாள்.

“மயிலாப்பூர்ச் சித்திக்குப் போடுதேன். நீங்களே சொல்லுங்க.”

“வேண்டாம் அத்தை. உங்களுக்குத் தெரிஞ்சா போதும்.”

“எனக்கு மட்டும் தெரிஞ்சா? நானும் அவளும் எத்தன வீட்டுல சொல்லியிருக்கோம் தெரியுமா? கடைப் பையனுக வரைக்கும் தெரியும்.”

“அடிச்சேன்னே இருந்துட்டுப் போகட்டும். பரவால்ல. எனக்கு அது…” அவன் நிறுத்தினான். சொல்ல வந்தது அவனுக்கே அப்போதுதான் புரிந்தது. “அது இதைவிடச் சுலபமா இருந்தது.”

அத்தை முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள்.

“உங்களுக்கு இருக்கும்! உங்களுக்குச் சுலபமாத்தான் இருக்கும். எம்மவளுக்கு என்ன பேரு தெரியுமா இப்போ? புருசன்ட்ட அடி வாங்கிட்டு அம்மாட்டகூடச் சொல்லாம செத்துப்போனவ. பாவம், வாயில்லாப் பூச்சின்னு பேசுதாவ. அவளா? அவளா வாயில்லாப் பூச்சி? ரெண்டு தடவ சொல்லிருக்காளே! கேக்காதது நீங்க. அதை நீங்கதான் சொல்லணும்.”

போனை ஸ்பீக்கரில் போட்டு ரப்பருக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தாள். மணி அடித்தது.

“சொல்லுக்கா, சாப்ட்டாச்சா?” என்றது சித்தியின் குரல். பின்னால் குக்கர் விசில்.

அத்தை அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“சித்தி, நான் சேரன்.”

குக்கர் மறுபடி விசில் அடித்தது.

“ஸ்வர்ணா தோள்ல இருந்தது… அது ரைபிள் ரப்பர். நான் மாட்டினது. ஸ்க்ரூ தப்பாப் போட்டுட்டேன்.”

பட்டென்று தொடர்பு அறுந்தது.

“வச்சுட்டா. வைப்பா. இருங்க, திரும்பப் போடுதேன்.” அத்தை மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு எண்ணை மறுபடி தொட்டாள். “இந்தத் தடவ ஸ்க்ரூலயிருந்து ஆரம்பிக்காதீய. அவ சொன்னதுலயிருந்து ஆரம்பிங்க. என்ன சொன்னா?”

“குத்துதுன்னு சொன்னா.”

“ஆங். அதைச் சொல்லுங்க முதல்ல.”

மணி அடிக்க ஆரம்பித்தது. சேரன் குனிந்து போனுக்குப் பக்கமாக வாயைக் கொண்டுபோனான்.